செட்டிநாட்டில் பறவை, பூச்சி, மரம் பார்த்ததை முறையாகப் பதிவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்மாய்க்கரையில் நடந்தால் நாரையும் கொக்கும் கண்ணில் படும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் மாடத்தில் கூகை உட்கார்ந்திருக்கும். போனில் படம் எடுத்துக் குழுவில் போடுவோம், நாலு பேர் கைதட்டுவார்கள், மறுநாள் அது எங்கே போனது என்று தெரியாது. அதே படமும் அதே எண்ணிக்கையும் உரிய இடத்தில் பதிவாகியிருந்தால் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 பறவை இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்டவர்கள் பதிந்த 3 கோடிக் குறிப்புகள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்தான்.

அரிய பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஊருணியில் காகம் எத்தனை, மைனா எத்தனை, சிட்டுக்குருவி இருந்ததா இல்லையா என்பதை ஒரே முறையில், விடாமல் பதிந்து வருவதுதான் இந்த வேலையின் உயிர். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிமுறைதான்.

1. எதை எங்கே பதிவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பறவைக்கு இபேர்ட். பூச்சி, பாம்பு, தவளை, செடி, பாலூட்டி, காளான் எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். ஒரே மரத்தை ஆண்டு முழுக்கக் கவனிப்பதற்கு சீசன்வாட்ச். மூன்றும் இலவச இணையத்தளங்கள், போனில் செயலியாகவும் கிடைக்கும். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற நம் நாட்டுத் தளமும் இருக்கிறது, அதிலும் எல்லா உயிரினங்களையும் பதியலாம்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, மூன்றிலும் ஒரே நாளில் கணக்குத் தொடங்கி ஒன்றையும் தொடராமல் விடுவது. முதல் 3 மாதம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் இபேர்டில் தொடங்குங்கள். ஐநேச்சுரலிஸ்ட் பதிவு 'இந்த உயிர் இங்கே இருந்தது' என்று மட்டும் சொல்லும். இபேர்ட் பட்டியல், எவ்வளவு நேரம் தேடினீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எது கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஒரு பறவை பெருகுகிறதா குறைகிறதா என்று கணக்கிட அந்த விவரம் இல்லாமல் முடியாது.

2. கணக்கு, ஆவணம், செலவு

கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரி போதும். ஆதார், போட்டோ எதுவும் கேட்கமாட்டார்கள், கேட்டால் அது போலித் தளம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளியில் செய்வதானால் ஆசிரியரின் பொறுப்பில் பள்ளிப் பெயரில் ஒரு கணக்கு போதும்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. இபேர்டில் நீங்கள் கொடுக்கும் பெயர் பட்டியலோடு வெளியே தெரியும். வேண்டாம் என்றால் அமைப்புகளில் மறைத்துக்கொள்ளலாம். ஐநேச்சுரலிஸ்டில் எந்தப் புனைபெயரும் வைக்கலாம்.

ஐநேச்சுரலிஸ்டில் கணக்குத் தொடங்கும்போதே உரிமம் பற்றிய கேள்வி வரும். பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள், சிலர் பயந்துபோய் 'எல்லா உரிமையும் எனக்கே' என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் உங்கள் பதிவு ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்குப் போகாது, ஆய்வாளர் கையில் கிடைக்காது. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு அனுமதிக்கும் சிசி-பிஒய்-என்சி உரிமத்தை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு ஒரு உரிமம், படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். பதிவுக்கான உரிமம்தான் இங்கே முக்கியம்.

செலவு என்று பார்த்தால் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன், ஒரு பாக்கெட் நோட்டு, பென்சில். மழையில் பேனா மை கரையும், பென்சில் எழுத்து நிற்கும். தூரப் பறவை பார்க்க இருநோக்கி வேண்டும் என்றால் 8×40 அல்லது 8×42 (8 மடங்கு பெருக்கம்) வாங்குங்கள். தொடக்கநிலைக் கருவி ஏறத்தாழ 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும். திருவிழாக் கடைகளிலும் இணையத்திலும் '20 மடங்கு, 30 மடங்கு' என்று சொல்லி மலிவாக விற்பதை வாங்காதீர்கள். பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் கூடத் தெரியும், படம் இருண்டுவிடும், பறவை நிலைத்து நிற்காது. பணம் இப்போது இல்லை என்றால் இருநோக்கி இல்லாமலே தொடங்கலாம். ஊருணிக்கரையில் 30 அடி தூரத்தில் நிற்கும் மடையானைப் பார்க்கக் கண்ணே போதும்.

3. இடத்தைத் தேர்ந்தெடுத்தலும் அனுமதியும்

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் ஊருணி, கண்மாய் அல்லது கோயில்காட்டைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு முறையாவது போக முடிகிற இடமாக இருக்க வேண்டும். கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப் பக்கம் இருக்கும் பறவைகள் சரணாலயத்துக்கு (1977-இல் அறிவிக்கப்பட்டது) எல்லோரும் போய்ப் பதிகிறார்கள். உங்கள் ஊர்க் கண்மாய் வரைபடத்தில் வெற்றிடமாக இருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கு மதிப்பு அதிகம்.

ஊர்ப் பொதுக் கண்மாய்க்கரையில் நடக்க எழுத்து அனுமதி வேண்டாம். ஆனாலும் மூன்று பேரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: ஊராட்சித் தலைவர் அல்லது வார்டு உறுப்பினர், மீன்பாசி ஏலம் எடுத்தவர், மடைக்குப் பக்கத்து வயல்காரர். சொல்லாமல் இருநோக்கியோடு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு நின்றால், நிலம் அளக்க வந்த ஆள் என்றோ ஆக்கிரமிப்பைப் பற்றி மனு எழுதப் போகிறார் என்றோ நினைப்பார்கள். "அண்ணே, இங்கே என்னென்ன பறவை வருதுன்னு வாரா வாரம் எழுதி வைக்கிறேன், மீனு கிட்டப் போகமாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து அவர்களே, "நேத்துப் பெரிய கூட்டம் இறங்கிச்சு" என்று தகவல் தருவார்கள்.

காப்புக்காட்டுக்குள் நுழைய வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். பெயர், முகவரி, எத்தனை பேர், எந்தத் தேதி, எதற்காக என்று ஒரு பக்கம் எழுதி, அடையாள அட்டை நகல் வைத்து, குறைந்தது 2 வாரம் முன்னாலேயே கொடுங்கள். சரணாலயத்தில் டிரோன் பறக்கவிடக் கூடாது.

கோயில்காடுகளில் எல்லைக்குள் செருப்புப் போடக் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. நம் பக்கத்துச் செம்மண் புதர்க்காட்டில் சுருட்டைவிரியன் இருக்கும். பூசாரியிடம் கேட்டு, எது வரை செருப்போடு போகலாம் என்று தெரிந்துகொண்டு வெளி எல்லையில் நின்றே பதியுங்கள். காலைக் கருக்கலிலும் அந்திக்குப் பிறகும் டார்ச், மூடிய செருப்பு இரண்டும் இல்லாமல் போகவே கூடாது.

4. முதல் பறவைப் பட்டியல்

வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் இபேர்ட் செயலியில் இந்தியாவுக்கான பறவைப் பொதியை வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். கண்மாய்க்குள் சிக்னல் போய்விடும். பொதி இருந்தால் இணையம் இல்லாமலே எழுதலாம், வீட்டுக்கு வந்து அனுப்பலாம்.

கரையில் நின்றதும் பட்டியலைத் தொடங்குங்கள். பாதையைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் வசதி தானாக ஓடும். பார்க்கப் பார்க்க எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போங்கள். குறைந்தது 15 நிமிடம் முழுக் கவனத்தோடு பாருங்கள். பேர்ட் கவுன்ட் இந்தியா என்ற பறவை ஆர்வலர் கூட்டமைப்பு நடத்தும் கணக்கெடுப்புகளிலும் இதுதான் குறைந்தபட்ச நேரம். 30 நிமிடம் மிகவும் வசதியான அளவு. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அதை முடித்துவிட்டுப் புதுப் பட்டியல் தொடங்குங்கள்.

ஊருணியில் 30 நிமிடம் நின்றால் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: மடையான் 4, சின்னக் கொக்கு 2, உண்ணிக்கொக்கு 11, சிறு நீர்க்காகம் 3, வெண்மார்பு மீன்கொத்தி 1, காகம் 14, மைனா 9, தவிட்டுக்குருவி 7, கரிச்சான் 2, பனை உழவாரன் 5, செம்போத்து 1 (குரல் மட்டும்). குரலை வைத்து உறுதியாகத் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம், குறிப்பில் 'குரல் மட்டும்' என்று எழுதினால் போதும்.

முடிக்கும்போது வரும் சில கேள்விகளில்தான் பெரும்பாலான பட்டியல்கள் கெட்டுப்போகின்றன.

முதலாவது, பதிவு வகை. 30 மீட்டருக்குள் நின்ற இடத்திலேயே பார்த்தால் 'ஸ்டேஷனரி'. நடந்து பார்த்தால் 'டிராவலிங்'. வண்டியில் போகும்போது தற்செயலாக ஒரு பனங்காடையைப் பார்த்தேன் என்றால் 'இன்சிடென்டல்'. பறவை பார்ப்பதே வேலையாக நின்றால்தான் முதல் இரண்டும் பொருந்தும். மாடு மேய்த்துக்கொண்டோ, நண்பரோடு பேசிக்கொண்டோ இடையில் பார்த்தது இன்சிடென்டல்தான்.

இரண்டாவது, தூரம். கலுங்கு வரை 600 மீட்டர் நடந்து அதே கரையில் திரும்பினால் தூரம் 600 மீட்டர்தான், 1,200 அல்ல. போன் போக வர இரண்டையும் கூட்டிவிடும், நீங்கள்தான் கையால் திருத்த வேண்டும். ஒரு பட்டியல் 2 கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. 8 கிலோமீட்டரைத் தாண்டினால் எந்த இடத்தின் பறவை என்று சொல்ல முடியாத பட்டியலாகிவிடும்.

மூன்றாவது, பட்டியலை நிறுத்த மறப்பது. வண்டியில் ஏறி, டீக்கடையில் நின்று, வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வரும். பட்டியலில் 9 கிலோமீட்டர், 1 மணி 50 நிமிடம் என்று இருக்கும். அப்படியே அனுப்பாதீர்கள். நோட்டில் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதியிருந்தால் இங்கேதான் கைகொடுக்கும். தொடங்கிய நேரமே நினைவில்லை என்றால் 'ஹிஸ்டாரிகல்' வகையில் போடுங்கள், கற்பனை நேரம் போடாதீர்கள்.

நான்காவதாக வரும் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? இதற்கு 'ஆம்' என்றால் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலில் சிட்டுக்குருவி இல்லை என்றால், தேடியும் சிட்டுக்குருவி கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்வார். காகமும் மைனாவும் எதற்கு என்று நீங்கள் விட்டுவிட்டு 'ஆம்' என்று தட்டினால், அந்த ஊரில் காகமே இல்லை என்று பொய்க்கணக்கு ஏறும். ஓரிரு பறவைகளை அடையாளம் காண முடியவில்லை என்பதால் 'இல்லை' என்று போட வேண்டாம். தெரிந்ததை முழுதாக எழுதியிருந்தால் அது முழுப் பட்டியல்தான்.

நான்கு பேர் சேர்ந்து போனால் ஒருவர் மட்டும் எழுதி மற்றவர்களுக்குப் பகிருங்கள். ஆளுக்கொரு பட்டியல் தனித்தனியாக அனுப்பினால் அதே 20 நாரை 80 நாரையாகிவிடும்.

5. எண்ணுவதும் அடையாளமும்

எண்ணிக்கை தெரியாதபோது 'எக்ஸ்' என்று போடும் வசதி இருக்கிறது. அதை ஒதுக்கிவிடுங்கள், ஏறத்தாழ மதிப்பிட்ட எண்ணே எப்போதும் மேல். கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு பத்துப் பத்தாக நகருங்கள். கருவேல மரங்களில் அடையும் நத்தைக்குத்தி நாரைகளை எண்ணும்போது ஒரு மரத்தை எண்ணி மொத்த மரத்தால் பெருக்குவது தப்பான கணக்கைத் தரும். கூடுகள் ஒரு மரத்தில் நெருக்கமாகவும் அடுத்ததில் ஒன்றிரண்டாகவும்தான் இருக்கும். மரம் மரமாக எண்ணிக் கூட்டுங்கள். கலுங்கிலிருந்து ஒரு திசையாகத் தொடங்கினால் விட்டதா எண்ணியதா என்ற குழப்பம் வராது.

நம் கண்மாய்களில் அதிகம் குழப்புவது வெள்ளைக் கொக்குகள். பாதத்தைப் பாருங்கள். கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள், அலகு கறுப்பு என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது, பறக்கும் வரை காத்திருந்தால் பின்னால் நீட்டிய காலின் நுனியில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். பாதமும் கறுப்பு, அலகு மஞ்சள் என்றால் நடுத்தரக் கொக்கு அல்லது பெரிய கொக்கு. பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாக மாட்டின் காலடியில் திரிவது உண்ணிக்கொக்கு. எதுவும் தெரியாத தூரத்தில் 20 வெள்ளையாக நின்றால் 'வெண்கொக்கு இனம்' என்று பொதுவாகப் பதியலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

நத்தைக்குத்தியின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுகளை வேறு நாரை என்று எழுதிவிடுவது இதனால்தான்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். கற்றுக்கொள்ள மிக நல்ல துணை. ஆனால் அது சொன்ன பெயரை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை எடுத்துப் பேசும், செயலி ஏமாறும். செயலி பெயர் சொன்னால் அந்தத் திசையில் திரும்பிக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

6. பூச்சி, செடி, ஊர்வன: ஐநேச்சுரலிஸ்ட்

ஒரு பதிவுக்கு வேண்டியவை நான்கு: படம் அல்லது ஒலி, தேதி, இடம், அது தானாக வாழும் உயிராக இருத்தல். இவை சரியாக இருந்து, குறைந்தது இரண்டு பேர் ஒரே இனம் என்று சொல்லி, மொத்தக் கருத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதில் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரம் பெறும்.

படத்தை அந்த உயிரின் பெயரை முடிவு செய்யும் உறுப்புகள் தெரியும்படி எடுங்கள். செடிக்கு இலையின் மேல்புறம், அடிப்புறம், பூ, காய், பட்டை, முழு உருவம். தும்பிக்குப் பக்கவாட்டில் மார்பும் வாலின் நுனியும். வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கை விரித்தும் மூடியும். வெந்தய வரியனையும், அதைப் போலவே வேஷம் போடும் டானாய்டு எக்ஃப்ளை பெண் பூச்சியையும் பிரிப்பது பின்னிறக்கையின் நடுவில் இருக்கும் மூன்று நான்கு கரும்புள்ளிகள்தான். புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். இறக்கை மூடியதாக ஒரே படம் மங்கலாக எடுத்துவிட்டு வந்தால் யாராலும் உறுதி சொல்ல முடியாது. எச்சம், கால்தடம் எடுக்கும்போது பக்கத்தில் 5 ரூபாய் நாணயத்தையோ பென்சிலையோ வைத்து எடுங்கள்.

அடிக்கடி கெடுவது இவற்றில்தான்:

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பதிவது. சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த தேதியும் இடமும் அழிந்துவிடும். தப்பான தேதியும் இடமும் பதிவில் ஏறிவிடலாம். நண்பர் எடுத்த படம் என்றால் அவரையே கணக்குத் தொடங்கிப் போடச் சொல்லுங்கள். உங்கள் சொந்தப் படத்தையே இன்னொரு போனுக்கு அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

ஒரே பூச்சியின் 5 படங்களை 5 பதிவுகளாகப் போடுவது. ஓர் உயிர், ஒரு நேரம், ஒரு பதிவு, எல்லாப் படங்களும் அதற்குள். மாறாக, ஒரே படத்தில் பூவும் வண்டும் இருந்தால் அதே படத்தை வைத்து இரண்டு பதிவு போடலாம்.

வளர்ப்புச் செடிகள். முற்றத்துத் துளசி, தோட்டத்து ரோஜா, கோயில் நந்தவனத்து அரளி இவற்றைப் பதிந்தால் 'வளர்ப்பு' என்ற பெட்டியைத் தட்டிவிடுங்கள். தட்டாமல் விட்டால் அந்தச் செடி காட்டில் தானாக முளைக்கிறது என்று வரைபடம் காட்டும். சீமைக்கருவேலம் வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் தானாகப் பரவி முளைப்பதால் காட்டுப் பதிவாகவே போடலாம். சாலையோரத்தில் நட்ட வேம்பு வளர்ப்பு, கண்மாய்க்கரையில் தானாக முளைத்த வேம்பு காட்டுச் செடி.

இடத்தின் துல்லியம். தடித்த சுவர் வீட்டுக்குள்ளும் அடர்ந்த மரத்தடியிலும் ஜிபிஎஸ் பல நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். வரைபடத்தில் இடத்தைக் காட்டும் முள்ளை நீங்களே சரியான இடத்துக்கு நகர்த்தி, அதைச் சுற்றியுள்ள துல்லிய வட்டத்தைச் சுருக்குங்கள். ஊருணிகளின் பெயர் வரைபடத்தில் இருப்பதே அரிது. ஊரார் வழங்கும் பெயரைக் குறிப்பில் எழுதுங்கள், இருபது ஆண்டு கழித்துத் தேடுபவருக்கு அதுதான் அடையாளம்.

செயலி பரிந்துரைக்கும் முதல் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டாதீர்கள். வெளிநாட்டுப் பூச்சியின் பெயரும் அதில் வரும். அருகில் பதிவாகியிருக்கிறதா என்று அதுவே காட்டும், பாருங்கள். உறுதியில்லை என்றால் 'சிலந்தி', 'வண்டு' என்று பொதுவாக விடுங்கள். தெரிந்தவர் வந்து சரியான இனப்பெயரைச் சொல்லித் தருவார்.

புதுக்கோட்டைச் சாலையிலும் திருச்சி நெடுஞ்சாலையிலும் வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் கீரி, மரநாய், பாம்பு இவற்றையும் பதியுங்கள். 'இறந்தது' என்ற குறிப்பைச் சேர்த்தால் போதும். எந்த வளைவில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்பது அதிலிருந்துதான் தெரியவரும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள், நடுச்சாலையில் குனியாதீர்கள்.

7. பூட்டிய வீடுகள்

இது நம் பகுதிக்கே உரிய வேலை. ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் கூகை, புள்ளி ஆந்தை, நாட்டு உழவாரன், வௌவால், மரநாய் எல்லாம் குடியிருக்கின்றன. வெளியாட்கள் யாரும் இவற்றைப் பதிய முடியாது, உள்ளூர்க்காரரால் மட்டுமே முடியும்.

ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேன் திறந்துவிட்டார் என்பது அனுமதி ஆகாது, பிறகு பொருள் ஏதாவது காணோம் என்றால் அவர் வேலை போகும். நிர்வாகம் பார்க்கும் பங்காளியிடம் பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஆச்சி யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள்: "ஆச்சி, கூகை எந்தக் கட்டுல அடையுது?" என்றால், எத்தனை வருஷமாக, எந்த மாதம் குஞ்சு கத்தும் என்பது வரை சொல்வார்கள்.

உள்ளே போனால் மேலே பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். கூகை அடையும் இடத்துக்கு நேர் கீழே கறுத்த, கட்டைவிரல் பருமனான உருண்டைகள் கிடக்கும். எலியின் மயிரும் எலும்பும் சேர்ந்து அது கக்கிய உருண்டைகள். குச்சியால் கிளறினால் மஞ்சள் பல்லோடு முழு எலி மண்டை ஓடு வரும். அதைப் படம் எடுத்துப் பதிந்தால் போதும், பறவை மீது பிளாஷ் அடிக்க வேண்டிய தேவையே இல்லை. வௌவால் எச்சம் குவிந்த அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள், தூசியைக் கிளப்பாதீர்கள்.

8. ஒரு மரம், ஒரு வருஷம்

நடக்க முடியாதவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஏற்றது சீசன்வாட்ச். வாசலில் இருக்கும் வேம்பு, புளி, மா, பலா, கொன்றை போன்ற மரத்தில் ஒன்றைப் பதிந்துகொண்டு, வாரம் ஒரு முறை அதன் தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறித்தால் போதும். 2 நிமிட வேலை. வாரத்தில் ஒரே கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் மாறவில்லை என்ற வாரத்திலும் பதிய வேண்டும், மாற்றம் எந்த வாரத்தில் தொடங்கியது என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

9. மறைக்க வேண்டியவை

ஐநேச்சுரலிஸ்டில் ஒவ்வொரு பதிவுக்கும் இடத்தை மறைக்கும் வசதி உண்டு. 'அப்ஸ்கியூர்ட்' என்று வைத்தால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியைத்தான் வெளியே காட்டும். அழிவு அபாயத்தில் உள்ள பல இனங்களுக்குத் தளமே தானாக இதைச் செய்துவிடும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

நட்சத்திர ஆமை, எறும்புத்தின்னி இரண்டையும் கட்டாயம் மறையுங்கள். நட்சத்திர ஆமையைச் செல்லப்பிராணியாகக் கடத்துகிறார்கள். அதன் பன்னாட்டு வணிகம் முழுவதையும் தடுக்க 2019-இல் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். குழுவில் 'எந்த ஊர்ப் பக்கம்?' என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஆந்தைக் கூடுகளையும் மாந்திரீகத்துக்குப் பிடிப்பவர்கள் உண்டு. பூட்டிய வீட்டின் உள்படத்தை இடத்தோடு போட்டால் தேக்குக் கதவுக்கும் தூணுக்கும் திருடனுக்கு வழி காட்டியதாகும், ஆகவே வீட்டுப் பதிவு ஒவ்வொன்றையும் மறையுங்கள். இபேர்டில் உங்கள் வீட்டு மாடியிலிருந்து பதிவதானால் புள்ளியைத் தெருமுனைக்கு நகர்த்தி வையுங்கள்.

எந்தப் பறவையும் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கும் கூட்டைக் கிட்டத்தில் படம் எடுக்க வேண்டாம். நீங்கள் கிளையை விலக்கிய வழியில் காகம் போகும்.

10. எந்த மாதம் என்ன

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கண்மாய் நிறைந்த பிறகு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீர்ப்பறவைக்கு உச்சம். நத்தைக்குத்தி, வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சங்குவளை நாரை இந்த மாதங்களில்தான் கூடும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்களை நினைத்து அங்கே போகிறவர்கள் கார் ஹாரனையும் அடக்கி வையுங்கள்.

ஜனவரியில் இரண்டு உண்டு: பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, அதோடு ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. பிப்ரவரியில் 4 நாள் உலகம் முழுக்க நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட். இவற்றுக்குத் தனியாக விண்ணப்பம் வேண்டாம், அந்த நாட்களில் வழக்கம்போல முழுப் பட்டியல் அனுப்பினால் சேர்ந்துவிடும். ஆசியக் கணக்கெடுப்புக்கு மட்டும் அந்த நீர்நிலைக்கு வேறு குழு இருக்கிறதா என்று விசாரித்துச் சேர்ந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். சேர விரும்பினால் நவம்பரிலேயே வன அலுவலகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

ஜூலைக் கடைசியில் தேசிய விட்டில் வாரம். முற்றத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒரு விளக்கைப் போட்டு, இரவு 7 மணி முதல் 10 மணி வரை உட்கார்ந்தால் பதிவதற்கு நேரம் போதாது. விடியும் முன் விளக்கை அணைத்து வேட்டியை உதறிவிடுங்கள், இல்லையென்றால் பல்லியும் கரிச்சானும் எல்லாவற்றையும் தின்றுவிடும். செப்டம்பர் வண்ணத்துப்பூச்சி மாதம்.

ஏப்ரல், மே மாதங்களில் கண்மாய் வற்றி, மீன்பிடியும் முடிந்து, ஒன்றுமே இல்லாததுபோல் கிடக்கும். பெரும்பாலானவர்கள் அப்போதுதான் நிறுத்திவிடுகிறார்கள். காய்ந்த தரையில் ஆள்காட்டி முட்டையிடும், கௌதாரி கத்தும். வேறொன்றும் இல்லாமல் காகமும் மைனாவும் மட்டுமே என்றாலும் 15 நிமிடப் பட்டியல் அனுப்புங்கள். காலை 6 முதல் 8 மணிக்குள் முடித்துவிடலாம்.

11. திருத்தம் கேட்டு மின்னஞ்சல் வந்தால்

அந்த மாதத்தில் அந்த மாவட்டத்தில் வழக்கமில்லாத பறவையையோ எண்ணிக்கையையோ பதிந்தால் இபேர்ட் அதைத் தனியாக நிறுத்திவைக்கும். தன்னார்வப் பரிசீலகர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பி விவரம் கேட்பார். உங்களைப் பொய்யர் என்று சொல்வதற்காக அவர் எழுதுவதில்லை. என்ன பார்த்தீர்கள், எவ்வளவு தூரத்தில், அலகு, கால், குரல் எப்படி, வேறு எந்தப் பறவையோ என்று யோசித்து ஏன் விலக்கினீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள், படம் இருந்தால் பட்டியலில் ஏற்றுங்கள். நினைவு தெளிவாக இல்லை என்றால் இனப்பெயரைப் பொதுவானதாக மாற்றிவிடலாம். பதில் எழுதாமல் விட்டால் அந்த ஒரு குறிப்பு மட்டும் பொதுத் தரவில் சேராமல் நிற்கும், மற்றவற்றுக்குப் பாதிப்பில்லை. பழைய பட்டியலில் பிழை கண்டால் எத்தனை ஆண்டு ஆனாலும் நீங்களே திருத்தலாம்.

டிசம்பர் கடைசியில் இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டு தளங்களிலிருந்தும் உங்கள் தரவை இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். இபேர்டில் கேட்டால் மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும், எக்செல்லில் திறக்கும். அதில் உங்கள் ஊருணியின் பட்டியலை மட்டும் பிரித்து அச்செடுத்து, ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி ஊர்ப் பள்ளிக்கும் கொடுங்கள். ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு செயல்பட்டால் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கண்மாயைத் தூர்வாரவோ கரையைச் சிமெண்டில் கட்டவோ திட்டம் வரும்போது, எந்த மாதத்தில் எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று காட்ட அந்தத் தாள் கையில் இருக்கும்.